பாகங்கள் மாறிய பின்னும் அதே வண்டியா?

இந்தியாவில் குறைந்த விலைக்குக் கிடைக்கும் பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டி என்றால் பெரும்பாலும் அது மஹிந்திரா ஜீப். அடுத்தபடி மாருதி ஜிப்ஸி. முப்பது நாற்பது ஆண்டு ஓடிய ஜீப் ஒன்றைப் பிரித்துப் பார்த்தால், தொழிற்சாலையை விட்டு வந்த நாளில் அதில் இருந்தவற்றுள் மிகச் சிலவே மிஞ்சியிருக்கும். எஞ்சின் ஒருமுறையாவது மாறியிருக்கும். பாடி புதுத் தகட்டில் அடித்ததாக இருக்கும். கியர் பாக்ஸ் பழைய சாமான் கடையிலிருந்து வந்திருக்கும். பின் அச்சு ராணுவ ஏலத்தில் கழிக்கப்பட்ட வேறொரு ஜீப்புடையதாக இருக்கும். இருந்தும் ஆர்.சி. புத்தகம் அதை 1988ஆம் ஆண்டு வண்டி என்கிறது. விற்பவர் அப்படிச் சொல்லியே விலை கேட்கிறார், வாங்குபவரும் அதை ஏற்றுத்தான் பேரம் பேசுகிறார். பாகங்கள் இவ்வளவு மாறிவிட்ட பிறகு ‘அதே வண்டி’ என்பது எதைக் குறிக்கிறது? இரண்டாயிரம் ஆண்டுகளாகத் தத்துவ நூல்களில் வாதிடப்பட்டுவரும் கேள்வி இது. பழைய ஜீப் வாங்குபவருக்கு இதே கேள்வி விலையையும் சட்டப் பாதுகாப்பையும், மலைச்சரிவில் சில சமயம் உயிரையும் தீர்மானிக்கிறது.

ஜீப்பைப் பொறுத்தவரை இந்தக் கேள்வி முதுமையில் வந்து சேர்வதல்ல, பிறப்பிலேயே உள்ளது. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவில் வில்லிஸ், ஃபோர்டு என்ற இரு நிறுவனங்களும் ஒரே வரைபடத்தின்படி ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகளைச் செய்தன. ஒரு நிறுவனத்தின் பாகம் மற்றதன் வண்டியில் பொருந்த வேண்டும் என்பதே ராணுவத்தின் நிபந்தனை. போர்க்களத்தில் சிதைந்த மூன்று ஜீப்புகளிலிருந்து ஓடக்கூடிய ஒன்றைச் சேர்த்து எடுக்க முடியும் என்பது அந்த வடிவமைப்பின் பலம். 1940களின் இறுதியில் வில்லிஸ் ஜீப்புகள் பம்பாய்க்குப் பாகங்களாகவே வந்து இறங்கின. மஹிந்திரா நிறுவனம் அவற்றைப் பூட்டி வண்டியாக்கி விற்றது. பெட்டிகளில் கிடந்தபோது அவை ஜீப்பா? எந்தத் திருகை முறுக்கியபோது ஜீப் பிறந்தது? பிறகு சி.ஜே.3பி மாதிரி பல பத்தாண்டுகள் இங்கேயே உருவானது. பூஜோ வடிவமைப்பிலான 2.1 லிட்டர் டீசல் எஞ்சினோடு எம்.எம்.540 வந்தது. வெளித்தோற்றம் மாறினாலும் அடிப்படை அமைப்பு பெரிதாக மாறவில்லை. அதனால்தான் ஒரு ஜீப்பின் உறுப்பு இன்னொன்றுக்கு இன்றும் எளிதில் பொருந்துகிறது. மலிவாக வாங்கிப் பராமரிக்க முடிவதற்குக் காரணம் இதுவே. எது எந்த வண்டி என்ற குழப்பத்துக்கும் இதுவே காரணம்.

இந்தக் கேள்வியை வண்டியை வைத்தே கேட்ட மிகப் பழைய நூல்களில் ஒன்று பாலி மொழியிலுள்ள மிலிந்த பஞ்ஹா. கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் சாகல நகரிலிருந்து ஆண்ட கிரேக்க மன்னன் மெனாண்டரே அதில் வரும் மிலிந்தன். பௌத்தத் துறவி நாகசேனர் அவனிடம், நாகசேனன் என்பது வெறும் வழங்குபெயர், அதன் பின்னால் நிலையான ஆள் என்று எவரும் இல்லை என்கிறார். அரசன் ஒப்பவில்லை. அவன் நடந்து வந்தானா, தேரில் வந்தானா என்று துறவி கேட்கிறார். தேரில்தான் என்கிறான். ஏர்க்கால்தான் தேரா? அச்சா? சக்கரமா? நுகமா? கடிவாளமா? ஒவ்வொன்றுக்கும் அரசன் இல்லை என்கிறான். எல்லாவற்றையும் ஒன்றாகக் குவித்தால் அதுவா? அதுவும் இல்லை. இவற்றுக்கு வெளியே வேறு எங்காவது தேர் இருக்கிறதா? இல்லை. கடைசியில் அரசன், இந்த உறுப்புகளைச் சார்ந்துதான் தேர் என்ற பெயர் வழங்குகிறது என்று தானே சொல்லிவிடுகிறான். நாகசேனர் எதிர்பார்த்ததும் அந்த விடையைத்தான். பௌத்த நூலான சம்யுத்த நிகாயத்தில் வஜிரா என்ற பிக்குணி, தன்னைச் சோதிக்க வந்த மாரனுக்குச் சொல்லும் மறுமொழியிலும் இதே தேர் உவமை வருகிறது.

இந்த வாதத்தைப் பலர் ‘தேர் என்று ஒன்று இல்லை’ என்று சுருக்கிவிடுவதுண்டு. அது பிழை. பாகங்களைக் குவித்தால் தேர் ஆகுமா என்றும் நாகசேனர் கேட்கிறார். அந்தப் பகுதியை விட்டுவிட்டால் வாதத்தின் உயிரே போய்விடும். பாகங்கள் எவ்வாறு ஒன்றையொன்று சார்ந்து நிற்கின்றன என்பதில்தான் தேர் இருக்கிறது. ஃபோர் வீல் டிரைவ் வண்டியில் இது கண்ணுக்குத் தெரியும் உண்மை. எஞ்சினின் விசை கியர் பாக்ஸ் வழியாக டிரான்ஸ்ஃபர் கேஸுக்குப் போகிறது. அங்கே அது இரண்டாகப் பிரிந்து, முன்னும் பின்னுமாக இரண்டு ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்டுகள் வழியாக இரண்டு அச்சுகளைச் சேர்கிறது. பழைய ஜீப்பில் இரண்டு ஷாஃப்ட்டுகளுக்கும் நடுவே வேக வித்தியாசத்தை ஏற்கும் டிஃபரன்ஷியல் கிடையாது. ஆகவே முன் அச்சின் பல் விகிதமும் பின் அச்சின் பல் விகிதமும் ஒன்றாக இருந்தே தீர வேண்டும். ஒன்று 5.38 என்றும் மற்றொன்று 4.88 என்றும் அமைந்துவிட்டால், தனித்தனியாக இரண்டும் நல்ல அச்சுகளாக இருந்தும், ஃபோர் வீல் போட்ட உடனே அவை ஒன்றையொன்று இழுத்து முறுக்கும். டிரான்ஸ்ஃபர் கேஸ் சீக்கிரம் கெடும். நல்ல பாகங்கள் சேர்ந்தும் வண்டி ஆகாத நிலை இது.

வாங்குமுன் இதைச் சோதிக்க எளிய வழி உண்டு. நான்கு டயர்களும் ஒரே அளவு என்று முதலில் பார்க்க வேண்டும். ஃபோர் வீலை எடுத்துவிட்டு, முன் சக்கரங்களில் ஃப்ரீ வீலிங் ஹப் இருந்தால் பூட்டி, இரண்டு ஷாஃப்ட்டுகளிலும் சாக்பீஸால் கோடு போட்டு, வண்டியை நேராகத் தள்ள வேண்டும். ஒரே தூரத்துக்கு இரண்டு ஷாஃப்ட்டும் ஒரே எண்ணிக்கையில் சுற்றினால் விகிதம் சரி. பிறகு மண்தரையில் ஃபோர் வீலும் லோ கியரும் போட்டு ஓட்டிப் பார்க்கலாம். தார்ச்சாலையில் இந்தச் சோதனை கூடாது. லீவர் எளிதில் விழுகிறதா, மேடேறும்போது தானாகக் கழன்றுகொள்கிறதா, எடுத்துவிடும்போது சிக்கிக்கொள்கிறதா என்பவை டிரான்ஸ்ஃபர் கேஸின் வரலாற்றைச் சொல்லிவிடும். புரோக்கர்கள் பலர் எஞ்சின் சத்தத்தைக் கேட்கவைத்தே பேரத்தை முடிக்கப் பார்ப்பார்கள். எஞ்சினை ரீபோர் செய்துகொள்ளலாம், வேறு ஒன்றைத் தேடலாம். ஒன்றோடொன்று பொருந்தாத அமைப்பைச் சரிசெய்வது அதைவிடக் கடினம், செலவும் அதிகம்.

நாகசேனரின் விடையை நியாய, வைசேஷிகத் தத்துவ ஆசிரியர்கள் ஏற்கவில்லை. உறுப்புகளைக் கடந்து, ஆனால் அவற்றிலேயே உறைந்து நிற்கும் முழுப்பொருள் ஒன்று உண்மையிலேயே உண்டு என்பது அவர்கள் கொள்கை. அதற்கு அவர்கள் இட்ட பெயர் அவயவி. ஒரு குடத்தின் ஒரு பகுதியைத் தொடுபவர் குடத்தையே தொடுகிறார்; பகுதிகளைக் கூட்டிக் கணக்குப் போட்டு அவர் குடத்தை ஊகிப்பதில்லை என்பது அவர்கள் காட்டும் அனுபவ ஆதாரம். அது வலுவான வாதம்தான். ஆனால் அதற்கொரு விலை உண்டு. உறுப்பில் ஒன்று நீங்கினாலும் பழைய முழுப்பொருள் அழிந்து புதிய முழுப்பொருள் பிறக்கிறது என்று அவர்கள் சொல்ல வேண்டியிருந்தது. அந்தக் கணக்கில் ஒரு புஷ் மாற்றினாலே புது ஜீப். வைசேஷிகம் உள்ளிட்ட பல சமயவாதிகளின் கொள்கைகளை மணிமேகலைக் காப்பியம் ஒரு காதையில் வரிசையாகக் கேட்கவைக்கிறது. காப்பியத்தின் இறுதிப் பகுதியில் அறவண அடிகள் சார்புகளின் தொடரையே உபதேசிக்கிறார். தமிழ் மண்ணிலும் இந்த இரு தரப்பும் பழையவை.

சட்டம் இந்தச் சிக்கலை ஒரு குறுக்கு வழியில் தீர்த்துக்கொள்கிறது. எல்லா உறுப்புகளையும் ஒன்றாகக் கருதாமல் ஒன்றை மட்டும் அடையாளத்தின் இருப்பிடமாகத் தேர்ந்தெடுக்கிறது. சேஸிஸும் அதில் பொறித்த எண்ணும்தான் அது. எஞ்சினுக்கும் எண் உண்டு, ஆர்.சி.யில் இரண்டும் உண்டு. ஆனால் எஞ்சினை மாற்றினால் பதிவு அலுவலகத்தின் அனுமதியோடு புது எண்ணை ஏற்றிக்கொள்ள வழி இருக்கிறது. சேஸிஸ் மாறினால் வண்டியே மாறியதாகத்தான் பொருள். பதிவுக்குச் செல்லும்போது அந்த எண்ணின் மேல் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பிரதி எடுக்கும் வழக்கம் இதனால்தான். வாங்குபவரும் அதையே முதலில் செய்ய வேண்டும். எண் பொறித்த இடத்தைச் சுற்றி வெல்டிங் தடம் இருக்கிறதா, தகட்டுத் துண்டு ஒட்டப்பட்டிருக்கிறதா, எழுத்துகள் கோணலாகவோ ஆழம் மாறியோ இருக்கின்றனவா என்று நல்ல வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். எண் சரியில்லை என்றால் விலை எவ்வளவு குறைந்தாலும் வாங்கக் கூடாது. இதில் பேரத்துக்கு இடமில்லை.

இந்தக் கண்டிப்புக்குக் காரணத்தை ஆங்கிலத் தத்துவ ஆசிரியர் தாமஸ் ஹாப்ஸ் 1655-இல் எழுப்பிய ஒரு சிக்கலில் காணலாம். அதற்கு முன்னோடி கிரேக்க வரலாற்றாசிரியர் புளூடார்க். தீசியஸ் வீரன் திரும்பிவந்த முப்பது துடுப்புக் கப்பலை ஏதென்ஸ் மக்கள் பல தலைமுறை காத்தார்கள் என்றும், மக்கிய பலகைகளை எடுத்துப் புதியவற்றைப் பொருத்திக்கொண்டே வந்தார்கள் என்றும், அது அதே கப்பலா இல்லையா என்று தத்துவவாதிகள் வாதிட்டார்கள் என்றும் அவர் எழுதினார். ஹாப்ஸ் ஒரு படி மேலே போனார். கழற்றிப்போட்ட பழைய பலகைகளை ஒருவர் சேர்த்துவைத்து, அதே வரிசையில் பூட்டினால் இன்னொரு கப்பல் எழும். இரண்டில் எது தீசியஸின் கப்பல்? இரண்டுமே என்றால் ஒன்று இரண்டாகிவிடுகிறது, அது பொருந்தாது.

பழைய ஜீப் சந்தையில் இது நடைமுறைச் சிக்கல். ஏலத்தில் கழிந்த ஜீப்புகள் துண்டுகளாகி, சென்னை புதுப்பேட்டை, தில்லி மாயாபுரி போன்ற பழைய சாமான் சந்தைகளுக்கு வருகின்றன. ஒரு வண்டியின் கழிவுகளே இன்னொரு வண்டியாக எழுவது அங்கே இயல்பு. அதில் தவறில்லை. ஆனால் அப்படி எழுந்த வண்டிக்கு ஆர்.சி. கிடையாது. ஆகவே எங்கோ மக்கிப்போன ஒரு ஜீப்பின் ஆர்.சி.யையும் எண் பொறித்த இரும்புத் துண்டையும் வாங்கி அதில் பொருத்திவிடும் ஏமாற்று வேலையும் நடக்கிறது. அப்போது ஓர் எண் இரண்டு வண்டிகளைச் சுட்டலாம். திருட்டு வண்டி ஒன்று நேர்மையான எண்ணுக்குள் ஒளிந்துகொள்ளலாம். பொருள் எவ்வளவு மாறினாலும் சேஸிஸ் ஒன்றே என்று சட்டம் பிடிவாதம் பிடிப்பது, ஹாப்ஸின் இரண்டாவது கப்பலுக்கு இடம் கொடுக்காமல் இருப்பதற்காகவே. தயாரிப்பாளர் குறித்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றக் கூடாது என்ற மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவை உச்ச நீதிமன்றம் 2019-இல் கண்டிப்பாகப் பொருள்கொண்டதும் இதே திசையில்தான். ஆர்.சி.யில் பெட்ரோல் என்று இருந்து உள்ளே டீசல் எஞ்சின் இருக்கும் ஜீப்புகள் ஏராளம். புத்தகத்தில் ஏறாத எஞ்சின் வைத்த வண்டியை வாங்குபவர் சிக்கலையும் சேர்த்தே வாங்குகிறார். விபத்து நேர்ந்தால் காப்பீட்டுத் தொகைக்கும் அது தடையாகலாம்.

எண்ணும் எஞ்சினும் சரியென்றால் அடுத்தது ஆவணங்கள். உரிமை மாற்றத்துக்குரிய 29, 30 எண் படிவங்கள், வெளிமாநில அல்லது வேறு பதிவு எல்லை வண்டி என்றால் 28ஆம் படிவத் தடையின்மைச் சான்று, கடன் இருந்தது என்றால் அது தீர்ந்ததற்கான 35ஆம் படிவம் ஆகியவற்றை விற்பவர் தர வேண்டும். சொந்த உபயோக வண்டியின் பதிவு முதலில் 15 ஆண்டுக்குச் செல்லும்; பிறகு ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். புதுப்பிப்பு எந்தத் தேதி வரை இருக்கிறது என்பது விலையைப் பெரிதும் மாற்றும்.

பாகம் மாறினாலும் பொறுப்பு மாறாது என்பதற்கு மிலிந்த பஞ்ஹாவிலேயே இன்னோர் உவமை உண்டு. ஒருவன் மற்றொருவனின் தோப்பில் மாம்பழம் திருடிப் பிடிபடுகிறான். இவர் நட்டது வேறு மாங்கனி, நான் எடுத்தது வேறு மாங்கனி, ஆகவே நான் குற்றவாளி அல்ல என்று வாதாடுகிறான். எடுத்த பழம் நட்ட பழத்தைச் சார்ந்தே வந்தது என்பதால் அவன் தண்டனைக்கு உரியவனே என்று அரசன் தீர்ப்புச் சொல்கிறான். நாகசேனர் இதை வினைத்தொடருக்குக் காட்டுகிறார். நிலையான ஆள் இல்லை என்பதால் செய்த வினையிலிருந்து யாரும் தப்பிவிட முடியாது. அதே ஆளும் அல்ல, வேறு ஆளும் அல்ல, ஆனால் காரண காரியச் சங்கிலி அறுவதில்லை. பழைய வண்டி வாங்குவதில் இதைவிடப் பொருத்தமான பாடம் வேறில்லை. முந்தைய உரிமையாளர் கியர் ஆயில் மாற்றாமல் விட்டது, வெள்ளத்தில் இறக்கிவிட்டு அச்சைத் திறந்து பார்க்காதது, சுமைக்கு மேல் சுமை ஏற்றியது எல்லாம் அவரோடு போய்விடுவதில்லை. பெயர் மாற்றிய மறுநாள் முதல் அவற்றின் பலனைப் புதியவரே அனுபவிக்கிறார்.

ஆகவே வாங்குமுன் செய்யும் சோதனை என்பது வண்டியின் பழைய வினைகளைப் படிப்பதே. காலையில், எஞ்சின் ஆறிக் கிடக்கும்போது போய்ப் பார்ப்பது நல்லது. முன்பே ஓட்டிச் சூடேற்றி வைத்திருந்தால் சந்தேகப்பட இடமுண்டு. எஞ்சின் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து, புகை வேகமாக வெளியே வருகிறதா என்று பார்த்தால் ரிங், பிஸ்டன் நிலை தெரியும். நீலப் புகை ஆயில் எரிவதையும், கரும்புகை பம்ப்பு, நாசில் கோளாறையும் காட்டும். டிஃபரன்ஷியல் நட்டைத் திறந்து கொஞ்சம் ஆயிலை விரலில் எடுத்தால் மோர் நிறத்தில் இருக்கக் கூடாது. இருந்தால் உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறது. முன் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்ட வேண்டும். ஆட்டம் இருந்தால் ஒருவரை பிரேக்கை அழுத்தச் சொல்லி மறுபடி ஆட்ட வேண்டும். அப்போது ஆட்டம் நின்றால் வீல் பேரிங், நிற்காவிட்டால் கிங் பின். வேகத்தில் முன்பக்கம் கடுமையாக உதறும் ஜீப்புகளில் இந்த இடம்தான் பெரும்பாலும் தேய்ந்திருக்கும். கடைசியாக, சேஸிஸை அடியிலிருந்து முழுவதும் சிறு சுத்தியலால் தட்டிப் பார்க்க வேண்டும், முக்கியமாக லீஃப் ஸ்பிரிங் பிடிக்கும் இடங்களிலும் பின் குறுக்குச் சட்டத்திலும். கணீர் என்று ஒலித்தால் நலம். மந்தமாக ஒலித்தாலோ பொருக்கு உதிர்ந்தாலோ துரு உள்ளே போய்விட்டது. அடியில் மட்டும் புத்தம்புதிய கறுப்புப் பெயின்ட் அடித்திருந்தால் இன்னும் கவனமாகத் தட்ட வேண்டும்.

வாங்கியபின் வருவது பராமரிப்பு. அதே வண்டி என்ற தொடர்ச்சி எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்கு இங்கேதான் மிக நிறைவான விடை கிடைக்கிறது. ஆங்கிலத் தத்துவ ஆசிரியர் ஜான் லாக் தம் நூலின் 1694ஆம் ஆண்டுப் பதிப்பில் உயிருள்ளதையும் இயந்திரத்தையும் ஒப்பிட்டார். கன்றாக இருந்த ஓக் மரம் நூறாண்டுக்குப் பின்னும் அதே மரம். அதன் அணுக்கள் மாறினாலும், உணவை உட்கொண்டு உடலாக்கும் ஒரே உயிர்ப்பு இடைவிடாமல் தொடர்கிறது. இயந்திரத்திலும் பாகங்கள் ஒரு நோக்கத்துக்காக அமைந்திருக்கின்றன, ஆனால் அதன் இயக்கம் வெளியிலிருந்து வருகிறது. ஓட்டுவதற்குள்ள விசைக்கு மட்டுமல்ல, பழுது நீக்கிக்கொள்வதற்கும் இது பொருந்தும். மரம் தன் காயத்தைத் தானே மூடிக்கொள்ளும், ஜீப் மூடிக்கொள்ளாது. ஜீப்பின் உயிர்ப்பு ஜீப்புக்கு வெளியே, கிரீஸ் கன் பிடிக்கும் கையில் இருக்கிறது. பாகம் பாகமாக மாறும்போது ஒவ்வொரு மாற்றத்தையும் மற்றப் பாகங்களோடு பொருத்திப் பார்த்துச் செய்த ஒருவர் தொடர்ச்சியாக இருந்தால், அந்த ஜீப் 1988-இல் வந்த ஜீப்பேதான். பத்தாண்டு புதரில் கிடந்து, பிறகு கையில் கிடைத்ததைப் பூட்டி எழுப்பிய வண்டியில் அசல் இரும்பு அதிகம் இருந்தாலும் அந்தத் தொடர்ச்சி இல்லை. முதலாவதற்கே கூடுதல் விலை கொடுக்கலாம்.

சமய வழக்கங்கள் இந்த விடையைத் தத்துவ நூல்களைவிடத் தெளிவாகச் செய்து காட்டுகின்றன. பூரி ஜகந்நாதரின் தேர்கள் ஒவ்வோர் ஆண்டும் புதிய மரத்தில் செய்யப்படுகின்றன. பதினாறு சக்கர நந்திகோஷத்தில் சென்ற ஆண்டுத் தேரின் கட்டமைப்பு எதுவும் தொடர்வதில்லை; ஆயினும் அது நந்திகோஷமே. அளவும், செய்யும் குடும்பங்களின் உரிமையும், சடங்கும் தொடர்கின்றன. அங்கே மூர்த்திகளின் திருமேனியே குறிப்பிட்ட ஆண்டுகளில் புது வேப்பமரத்தில் மாற்றப்படுகிறது. அண்மையில் 2015-இல் அது நடந்தது. அப்போது பழைய மேனியிலிருந்து புதிய மேனிக்குப் பிரம்ம பதார்த்தம் என்ற ஒன்று இரவில், கண் கட்டிய நிலையில் மாற்றப்படுகிறது. வடிவம், வழிபாட்டு முறை எல்லாம் தொடர்ந்தாலும் அது மட்டும் போதாது, இடையில் கைமாறும் ஒன்று வேண்டும் என்பது அந்தச் சடங்கின் நிலைப்பாடு. தமிழ்நாட்டுக் கோயில்களில் திருப்பணியின்போது பாலாலயம் செய்து தெய்வ ஆற்றலைத் தற்காலிக இடத்துக்கு எழுந்தருளச் செய்வதும், பணி முடிந்து குடமுழுக்கில் திரும்ப ஏற்றுவதும் அதே கருத்துடையவை. கல்லும் சுதையும் மாறலாம், ஆனால் இடையில் அறுபட விடுவதில்லை. உடலைத் தேராகவும் ஆன்மாவைத் தேரில் அமர்ந்தவராகவும் சொன்ன கடோபநிடதம் இந்தப் பக்கமே நிற்கிறது. உள்ளே அமர்ந்தவர் இல்லை என்ற நாகசேனர் மறுபக்கம். ஜீப்பைப் பொறுத்தவரை நாகசேனர் சொல்வதே சரி என்று தோன்றுகிறது: உள்ளே மறைந்த சாரம் எதுவும் இல்லை, சேஸிஸ் எண்ணும் மனிதர் ஒப்புக்கொண்ட குறியே. ஆனால் அறுபடாமல் காக்க வேண்டும் என்பதில் கோயில் வழக்கம் சொல்வதும் சரி. ஆயுத பூஜையன்று ஸ்டியரிங்கில் சந்தனமும் குங்குமமும் இட்டு, சக்கரத்தின் கீழ் எலுமிச்சை வைக்கும் ஓட்டுநர் தம் பிழைப்பு இந்தச் சார்புகளில் தொங்குகிறது என்பதை அறிந்தே வணங்குகிறார்.

அந்தத் தொடர்ச்சியைக் காக்கும் வேலைகள் எளியவை, ஆனால் விடாமல் செய்ய வேண்டியவை. ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் கிராஸ்களுக்கும் ஸ்பிரிங் ஷாக்கிள்களுக்கும் பழைய கிரீஸ் வெளியே பிதுங்கும் வரை புது கிரீஸ் ஏற்ற வேண்டும். கியர் பாக்ஸும் டிரான்ஸ்ஃபர் கேஸும் ஒட்டி அமைந்திருப்பதால், நடுவிலுள்ள சீல் தேய்ந்தால் ஆயில் ஒன்றிலிருந்து மற்றதற்குப் போய்விடும். ஆகவே இரண்டின் அளவையும் ஒரே நாளில் பார்க்க வேண்டும். அச்சுக்கு மேலுள்ள பிரீதர் அடைத்துக்கொண்டால், சூடான அச்சு ஓடைத் தண்ணீரில் இறங்கிக் குளிரும்போது சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். மோர் நிற ஆயில் உருவாவது அப்படித்தான். தண்ணீரைத் தாண்டியதும் பிரேக்கை மெல்ல அழுத்தியபடி சிறிது தூரம் ஓட்டி டிரம்களை உலர்த்த வேண்டும்; இல்லையேல் முதல் வளைவில் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். காய்ந்த தார்ச்சாலையில் ஃபோர் வீலைப் போட்டு ஓட்டக் கூடாது. வளைவில் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட அதிக தூரம் போக வேண்டியிருக்க, நடு டிஃபரன்ஷியல் இல்லாததால் அந்த வித்தியாசம் முழுவதும் பற்களிலும் ஷாஃப்ட்டுகளிலும் முறுக்காகச் சேரும்.

பழையதைப் பழையபடியே வைப்பது எப்போதும் சரியல்ல என்பதற்குப் பிரேக் நல்ல எடுத்துக்காட்டு. மிகப் பழைய ஜீப்புகளில் மாஸ்டர் சிலிண்டர் ஒற்றைச் சுற்று. ஒரு குழாய் கசிந்தால் நான்கு சக்கரத்திலும் பிரேக் போய்விடும். கை பிரேக்கோ சக்கரத்தில் அல்லாமல் டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்னால் உள்ள டிரம்மில் பிடிக்கும். பின் ஷாஃப்ட் கழன்றுவிட்டால் அது பின் சக்கரங்களை நிறுத்தாது. அசல்தன்மையை விரும்பும் சேகரிப்பாளர் இவற்றை அப்படியே வைக்கலாம், அவர் வண்டி கண்காட்சிக்குப் போகும். மலைப்பாதையில் ஆளேற்றும் வண்டியில், பிற்கால மாதிரிகளில் உள்ள இரட்டைச் சுற்றுச் சிலிண்டரைப் பதிவு அலுவலக விதிக்கு உட்பட்டுப் பொருத்துவதே நேர்மையான பராமரிப்பு. ஏலக்காய்த் தோட்ட வேலைக்குக் கம்பம், போடிப் பக்கங்களிலிருந்து இடுக்கி மலைக்கு விடிகாலையில் ஆட்களை ஏற்றிச் செல்லும் ஜீப்புகளில் எத்தனையோ பேரின் உயிர் இந்தச் சிறு உருப்படிகளை நம்பியிருக்கிறது. அங்கே ‘அதே ஜீப்’ என்ற பெருமையைவிட, நிற்க வேண்டிய இடத்தில் நிற்கும் ஜீப் என்பதே முதன்மையானது.

ஒரு ஜீப்பின் முடிவிலும் சட்டத்தின் பார்வையும் நாகசேனரின் பார்வையும் பிரிகின்றன. பதிவை ரத்து செய்து வண்டியைக் கழிக்கும்போது, சேஸிஸ் எண் பொறித்த துண்டை வெட்டித் தனியாக எடுத்துவிடுவது வழக்கம். சட்டத்தைப் பொறுத்தவரை அந்த வெட்டோடு வண்டி முடிந்தது. 2021-இல் கொண்டுவரப்பட்ட வாகனக் கழிப்பு விதிகள் இதை முறைப்படுத்தின. நாகசேனரின் கணக்கில் முடிவு இல்லை. கியர் பாக்ஸ் ஒரு ஜீப்புக்கும், முன் அச்சு இன்னொன்றுக்கும் போய் அங்கே புதிய சார்புகளில் சேரும். அவற்றை வாங்குபவர், அந்தப் பழைய வண்டியின் நல்லதும் கெட்டதுமான வினைகளையும் வாங்குகிறார். ஆகவே கழிந்த வண்டியிலிருந்து ஹவுசிங், ஷாஃப்ட், பல்சக்கரம் ஆகியவற்றைத் திறந்து அளந்து பார்த்து எடுக்கலாம். ஸ்டியரிங் இணைப்புகள், பிரேக் ஹோஸ், வீல் சிலிண்டர் போன்றவற்றை எவ்வளவு நன்றாகத் தோன்றினாலும் எடுக்கக் கூடாது. அவற்றைப் புதிதாகவே வாங்க வேண்டும்.